நிறத்தை அவரே எடுக்கட்டும்

ஒட்டுத்துணிப் போர்வை தைத்தால் மனம் தேறும் என்று ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. எதனால் தேறுகிறது என்பதில்தான் கோட்டை விடுகிறோம். துணியை நாமே வெட்டி, நிறம் பொருத்தி, கோடும் போட்டு நீட்டுகிறோம். தைப்பவருக்கு மிஞ்சுவது கூலி வேலை.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் பர்ட், அட்கின்சன் இருவரும் இத்தகைய போர்வை (குவில்ட்) தைக்கும் 29 பேரிடம் பேசி 2012இல் ஆய்வு வெளியிட்டார்கள். நிறங்களைக் கையாளும் உற்சாகம், நேரம் போவதே தெரியாத ஈடுபாடு, புதிதாகக் கற்ற தெம்பு, கூடத் தைப்பவர்களின் பாராட்டு ஆகியவற்றை அந்த 29 பேர் சொன்னார்கள். வெட்டிக் கொடுத்த துணியில் இவற்றில் பாதி கிடைக்காது. ஆய்வில் பேசியவர்கள் விரும்பித் தைக்க வந்தவர்கள், நோயாளிகளாக வந்தவர்கள் அல்லர் என்பதையும் மறக்கக் கூடாது.

துணிக்கு அலைய வேண்டியதில்லை. வடசென்னையின் காலடிப்பேட்டை, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை ஆளுநர் ஜோசப் காலெட் காலத்தில் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர். இன்றும் அங்கே டெய்லர் கடையில் மிஷினுக்கு அடியில் பிளவுஸ் பிட்டு மூட்டை கிடக்கும். கேட்டால் அள்ளித் தருவார்கள். ஆனால் அதே வடசென்னையில் பீஸ் ரேட்டுக்குத் தைத்துப் பிழைப்பவர்களும் உண்டு. பகலெல்லாம் மிஷின் மிதித்தவருக்கு நம் வகுப்பு இன்னொரு ஓவர்டைம். "தைக்கப் பிடிக்குமாம்மா?" என்று முதலில் கேளுங்கள். பிடிக்காதென்றால் கோலம் இருக்கிறது, செடி வளர்ப்பு இருக்கிறது.

பிள்ளைகளுக்கு முனை மழுங்கிய பெரிய ஊசியும் ஓட்டுத்தையலும் போதும். கோணிய தையலைப் பிரித்து மறுபடி போடலாம். தப்பானதைத் தானே சரிசெய்ய முடியும் என்று பிள்ளை அதில் தெரிந்துகொள்கிறது. நாம் அவசரப்பட்டுப் பிடுங்கித் திருத்தினால் அந்தப் பாடமே போச்சு.

அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளை அவருடைய சேலையைக் கொண்டுவந்தால் உடனே கத்தரியைக் கொடுக்காதீர்கள். வெட்டுவதா, வங்காளத்துக் காந்தா போல முழுசாக மடித்து அடுக்கித் தைப்பதா என்று முடிவெடுக்க நாள் கொடுங்கள். வெட்டிய பிறகு மனம் மாறினால் நம்மால் எதுவும் செய்ய முடியாது.

வார்டில் ஊசியை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறோம். அந்தக் கண்டிப்பு வேண்டியதுதான். ஆனால் கேஸ் ஷீட்டில் எத்தனை கட்டம் தைத்தார் என்று மட்டும் எண்ணி எழுதுவதை விடுவோம். எந்தத் துணியை அவரே எடுத்தார், தைக்கும்போது யாரிடம் பேசினார், எங்கே நிறுத்தினார் என்று எழுதுவோம். அடுத்த வாரச் சிகிச்சையைத் திட்டமிட உதவுவது அந்தக் குறிப்புதான்.