திடலில் உள்ள காவல் தெருவில் எங்கே?

2017 மார்ச் 18 அதிகாலை. அடையாற்றிலிருந்து திரு.வி.க. பாலம் கடந்தால் சில நிமிடங்களில் எட்டிவிடும் சாந்தோம் நெடுஞ்சாலையில் ஒரு கார் மரத்தில் மோதித் தீப்பற்றியது. உள்ளே இருந்த இருவரும் வெளியே வர வழியின்றி மாண்டனர். ஒருவர், கார்ப் பந்தய வீரர் அஸ்வின் சுந்தர். மற்றவர், மருத்துவரான அவருடைய துணைவியார். 2012, 2013 ஆம் ஆண்டுகளில் தேசிய வாகை சூடிய வீரர், பந்தயத் திடலில் அல்ல, மாநகரத் தெருவில் உயிரிழந்தார்!

"கார்ப் பந்தயம் சீமான்களின் விளையாட்டு. உழைப்பாளி படிக்கும் ஏட்டில் அதற்கென்ன இடம்?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். இடம் உண்டு. அந்த விளையாட்டு கற்ற பாடம் நம் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதே நம் வழக்கு.

1994 மே முதல் நாள், இத்தாலியின் இமோலா திடலில் பிரேசில் வீரர் அயர்ட்டன் சென்னா மோதி மாண்டார். அதற்கு முந்தைய நாள் ஆஸ்திரிய வீரர் ராட்சன்பெர்கர் அங்கேயே மாண்டிருந்தார். 'தலைவிதி' என்று கைகழுவினார்களா? இல்லை. சென்னா மோதிய வளைவையே மாற்றி அமைத்தார்கள். கழுத்தைக் காக்கும் கருவியை 2003-இல் கட்டாயமாக்கினார்கள். தலையைக் காக்கும் உலோக வளையத்தை 2018-இல் கட்டாயமாக்கினார்கள்.

பயன் என்ன? 2020 நவம்பரில் பஹ்ரைன் பந்தயத்தில் குரோஜான் என்ற வீரரின் கார் இரும்புத் தடுப்பைத் துளைத்து, இரண்டாக முறிந்து, தீப்பிழம்பாயிற்று. 28 நொடிகளில் அவர் வெளியே வந்தார். கை நீட்டிப் பிடிக்க மருத்துவர் அங்கே நின்றார். அங்கும் தீ, இங்கும் தீ. அவரைக் காத்தது ஆண்டவனா? அல்ல, முன்னேற்பாடு!

நம் திடல்களிலும் குறை உண்டு. இருங்காட்டுக்கோட்டைத் திடலில் 2023 ஜனவரியில் மூத்த வீரர் கே.இ.குமார் பந்தயத்தின்போது மாண்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் 13 வயதுச் சிறுவன் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் மாண்டான். மீசை அரும்பாத பிள்ளையை அந்த வேகத்தில் விடலாமா என்று பந்தயம் நடத்துவோரைக் கேட்கிறோம்.

அந்த இருங்காட்டுக்கோட்டையிலேதான் கார் செய்யும் ஆலையும் இருக்கிறது. இரவு ஷிப்டு முடித்து நெடுஞ்சாலையைக் கடக்கும் தொழிலாளிக்கு எந்த வளையம் காவல்? எந்த மருத்துவர் காத்து நிற்கிறார்?

2022-இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் மாண்டோர் 17,884 பேர். நாளொன்றுக்கு 49 பேர்! அந்த ஆண்டு இந்தியா முழுவதும் மாண்டோரில் 100-க்கு 60-க்கு மேற்பட்டோர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள், நடந்து சென்றவர்கள். அதாவது, வேலைக்குப் போனவர்கள், வீடு திரும்பியவர்கள்.

விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்ற திட்டம் 2021 டிசம்பரில் தமிழகத்தில் வந்தது. நல்ல திட்டம். அடிபட்டவனைக் காப்பது கடமை. அடிபடாமல் காப்பது அதனினும் பெரிய கடமை.

ஆகவே வலியுறுத்துகிறோம்: உயிர்ப்பலி நேர்ந்த ஒவ்வோர் இடத்தையும் பொறியாளர் சென்று ஆராய வேண்டும். வளைவா, விளக்கில்லா இருளா, தடுப்பில்லா மரமா, நடைபாதை இல்லாக் குறையா என்று கண்டறிந்து, குறித்த நாளுக்குள் திருத்த வேண்டும். வேக வரம்பு பலகையில் மட்டும் இருந்தால் போதாது. அது காருக்கும் பொருந்த வேண்டும், லாரிக்கும் பொருந்த வேண்டும்.

தோழர்களுக்கும் ஒரு சொல். பந்தய வீரன் தலைக்கவசமின்றித் திடலில் இறங்குவதில்லை. பெட்ரோல் டாங்கின் மேல் கவசத்தை வைத்துக்கொண்டு போகும் நாம் அவனைவிடத் தீரர்களா?

ஒரு வீரன் மாண்டதும் வளைவை மாற்றியது உலகம். நாளுக்கு 49 பேர் மாண்டும் நம் சாலை மாறவில்லையென்றால், அதற்கு விபத்து என்று பெயரல்ல. அலட்சியம் என்று பெயர்!