எலிக்கூண்டுடன் வருவோரைத் திருப்பி அனுப்பலாமா?

சுகாதாரத் துறையினர் எலிக்கூண்டுடன் கிடங்கு வாசலில் வந்து நின்றால் நம்மில் பலருக்கு முகம் மாறிவிடுகிறது. "இங்கே எலியே கிடையாதுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். தானியக் கிடங்கில் எலி இல்லை என்றால் சரக்கு எடுக்க வரும் சில்லறைக்காரரே சிரிப்பார்!

நமது பயம் எலியைப் பற்றியதல்ல, கடையின் பெயரைப் பற்றியது. 1994 செப்டம்பரில் சூரத்தில் பிளேக் என்றதும் லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினர். சில நாடுகள் நமது விமானங்களையும் சரக்குகளையும் தடுத்தன. அதைப் பார்த்த நமக்குப் பயம் இருப்பது நியாயமே. ஆனால் கதவை அடைத்தால் நோய் வெளியே நின்றுவிடுமா?

1896-ல் பம்பாயில் பிளேக் முதலில் தென்பட்டது துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில். தானியக் கிடங்குகள் நிறைந்த இடம் அது. எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சிதான் கிருமியைச் சுமக்கிறது என்று சிமோண்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டது 1898-ல். அதுவரை எதைத் தேடுவதென்றே தெரியவில்லை.

இன்று தெரியும். ஓசூர், கோலார் எல்லைப் பகுதியில் பல ஆண்டுகளாகவே எலிகளைப் பிடித்துச் சோதித்து வந்திருக்கிறார்கள். மாலையில் கூண்டு வைத்துக் காலையில் எடுக்கிறார்கள். எலியைச் சீப்பால் வாரித் தெள்ளை எண்ணுகிறார்கள். எலிக்குச் சராசரி ஒன்றுக்கு மேல் போனால் எச்சரிக்கை. இரத்தத்தையும் சோதிக்கிறார்கள். எலிக்காய்ச்சல் கிருமி உண்டா என்றும் பார்க்க முடியும். எலி சிறுநீர் பட்ட ஈரச் சாக்கைத் தூக்குபவர் நமது மூட்டைத் தொழிலாளி. கையில் கீறல் இருந்தால் போதும், நமக்கு முன்னால் படுப்பவர் அவர்தான்.

இன்னொரு தவறும் செய்கிறோம். நாளை சோதனைக்கு வருகிறார்கள் என்றால் இன்றே விஷம் வைக்கிறோம். எலி செத்து உடல் ஆறினால் தெள்ளு அதைவிட்டு வேறு உடம்பைத் தேடும். பிளேக் உள்ள இடமானால் அது நமது கணக்குப்பிள்ளையின் காலாகவும் இருக்கலாம். அங்கே முதலில் தெள்ளுக்கு மருந்து, பிறகே எலிக்கு.

அதிகாரிகளிடமும் கேட்க வேண்டியது உண்டு. ஒருமுறை நமது கிடங்கில் எலி பிடித்துப் போனவர்கள், முடிவு என்ன என்று இன்றுவரை சொல்லவில்லை. முடிவை முதலில் கடைக்காரரிடம் சொல்லுங்கள். கடைப் பெயரைப் பத்திரிகைக்குக் கொடுக்காதீர்கள். இவ்விரண்டுக்கும் எழுத்தில் உறுதி தந்தால் கிடங்குச் சாவியைத் தரத் தயார் என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர இருக்கிறோம். அன்பர்கள் தவறாமல் வரவேண்டும்.