வளையம் மறைத்த வானம்

கதிரவனின் ஒளி முழுவதும் நேராக மண்ணை அடைவதில்லை. காற்றும் முகிலும் தூசியும் சிதறடித்த ஒரு பகுதி, வானெங்கிலுமிருந்து வந்து சேர்கிறது. மரநிழலில் அமர்ந்து நூல் படிக்க முடிவது இதனால்தான். இச்சிதறொளியை அளக்கும் கருவியின்மீது நேரடிக் கதிர் படாதவாறு, ஞாயிறு செல்லும் வழியை மறைத்து நிழல் வளையம் பொருத்துவர். ஆனால், வளையம் ஞாயிற்றை மட்டுமா மறைக்கிறது? வானத்தின் ஒரு பட்டையையும் சேர்த்தே மறைக்கிறது. அதனால் அளவு குறைகிறது. மொத்தக் கதிரிலிருந்து இதனைக் கழித்து நேரடிக் கதிரைக் கணக்கிடுவோர்க்கு, இங்குள்ள குறை அங்கே மிகையாகிவிடும்.

1956இல் டிரம்மண்ட் வகுத்த திருத்தம், அகலாங்கு, ஞாயிற்றின் சாய்வு, வளையத்தின் அகலம் ஆகியவற்றைக் கொண்டு மறைந்த பங்கை ஈடுசெய்கிறது. வானம் எங்கும் ஒரே சீராக ஒளிர்கிறது என்பது அதன் எடுகோள். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் மிகுந்த அரியலூருக்கும், கோடையில் புழுதி எழும் பெரம்பலூரின் கரிசல் வயல்களுக்கும் அது எவ்வாறு பொருந்தும்? தூசி மிகுந்தால் ஞாயிற்றைச் சூழ்ந்த வானமே கூடுதலாக ஒளிரும். வளையம் மறைப்பதும் அப்பகுதியையே.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மாணி, இந்தியாவில் கதிர்வீச்சு அளவீட்டு நிலையங்களை நிறுவுவதில் முன்னின்றவர். அவர் காட்டிய கண்டிப்பு இங்கும் வேண்டும். நூலிலுள்ள திருத்தக் காரணியால் பெருக்கிவிட்டு அமைவது போதாது. ஞாயிற்றைத் தொடர்ந்து சுழலும் சிறு வட்டால் நிழலிடப்பட்ட கருவியை ஓராண்டு அருகில் வைத்து ஒப்பிட்டு, இவ்வூர்களுக்குரிய காரணியைக் காண வேண்டும். அக்கருவி விலை மிகுந்ததுதான். எனினும், இரு மாவட்டங்களுக்கும் முறைவைத்து ஒன்றே போதும். திருத்திய எண்ணுக்கு அருகில் திருத்தாத எண்ணையும் பதிவேட்டில் விட்டுவைக்க வேண்டும்.