ரெர்மினேற்றர் 2 - சிரிக்காத அண்ணை

போன சனி இரவு மகனோட இருந்து ரெர்மினேற்றர் 2 பார்த்தன். 1991இல் வந்த படம். நான் முதல் பார்த்தது 1992இல், ஜேர்மனியில அகதிகள் ஹைமில, ஆரோ கொண்டுவந்த வீடியோ கசற்றில. டொச் ஒரு சொல்லும் விளங்காது. ஆனா அந்த உலோகப் பொலிஸ்காரன் அதிகம் கதைக்கிற ஆளில்லைத்தானே, படம் விளங்கினது.

மகனுக்கு 16 வயது. "பழைய படம், கிராபிக்ஸ் பார்க்கேலாது" எண்டுதான் வந்து இருந்தவன். பத்து நிமிசத்தில போனைக் கவிட்டு வைச்சிட்டான். கொம்பியூட்டரில செய்த காட்சியள் முழுப் படத்திலயும் 5 நிமிசமளவுதான். மிச்சம் ஸ்ரான் வின்ஸ்ரனின்ர ஆக்கள் செய்த பொம்மையள், உண்மையான லொறி, மேம்பாலத்துக்குக் கீழால உண்மையாவே பறந்த ஹெலிகொப்ரர். ஆஸ்பத்திரிக் காவலாளி தன்னைப்போல இன்னொருத்தனைக் காணுற இடத்தில "இதை எப்பிடி அப்பா செய்தவை?" எண்டு கேட்டான். இரட்டைச் சகோதரங்களை நடிக்க விட்டவை, அவ்வளவுதான்! கடைசியில ரெண்டு சாரா நிக்கேக்கையும் லின்டா ஹமில்ரனின்ர இரட்டைச் சகோதரி உதவினவ. இப்ப வாற படங்களில எல்லாம் பறக்குது, ஒண்டிலயும் பாரம் இல்லை.

ஆக, வித்தை பழசாகேல்லை. பழசானது வேற.

ஆக்களைக் கொல்லக்கூடாது எண்டு பெடியன் ஆர்னோல்டுக்குக் கட்டளை போடுறான். கொஞ்சத்தில ஆர்னோல்ட் ஒரு காவலாளியை முழங்காலில சுட்டுப்போட்டு, அவன் சாகமாட்டான் எண்டு சொல்லுறார். ஹைமில எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சம். என்ர அறையில இருந்த அண்ணை மட்டும் சிரிக்கேல்லை. அவருக்கு ஊரில முழங்காலில வெடி பட்டது, படியேற ஆரும் பிடிக்கவேணும். அப்ப எனக்கு அது மண்டையில ஏறேல்லை. இந்தமுறை மகன் சிரிச்சான், எனக்கு வரேல்லை.

ஆனா அப்ப நான் கவனிக்காத ஒரு காட்சி இப்ப பெரிசாத் தெரியுது. 1997 ஓகஸ்ட் 29இல் நடக்கப்போற அணு யுத்தத்தில 300 கோடிப் பேர் சாவினம், அதுக்குக் காரணமான மெசினைச் செய்யப்போறவர் டைசன். அவரை முதலே முடிக்கச் சாரா இரவில வீட்டுக்குப் போறா. மனுசன் ஒரு பிழையும் இன்னும் செய்யேல்லை. தோளில சூடு பட்டுக் கிடக்கிறார், சின்ன மகன் தேப்பனுக்கு மேல விழுந்து மறைக்கிறான். சாராவால சுடமுடியேல்லை, சுவரோட சரிஞ்சு அழுறா.

நாளைக்குக் காட்டிக்குடுப்பான் எண்டு எங்கட ஊரில எத்தினை பேரை வீட்டு வாசலில சுட்டவை. பிள்ளையள் பார்த்துக்கொண்டு நிண்டதுகள். சுட்டவைக்கும் சாராவைப்போல தாங்கள் சரியெண்டதில ஒரு சந்தேகமும் இருக்கேல்லை. வெளிக்கிட்டுப் போகேக்கை அவவின்ர முகத்தைப் பாருங்கோ, எனக்குத் தெரிஞ்ச முகம் அது.

"அவ சுட்டிருந்தா யுத்தம் வந்திருக்காதே அப்பா?" எண்டான் மகன். படத்தை நிப்பாட்டினன். அரை மணித்தியாலம் கதைச்சம். அந்த அண்ணையைப்பற்றி அவனுக்கு முதன்முதலாச் சொன்னன்.

மிச்சத்தை ஞாயிறுதான் பார்த்து முடிச்சம். ஆர்னோல்ட் உருக்குக்குள்ள தாழேக்கை கட்டைவிரல் காட்டுறது இப்பவும் ஓவர்தான். மகன் கண்ணைத் துடைச்சவன். நான் காணாத மாதிரி இருந்திட்டன்.