காட்டுத்தீயும் திறந்திருந்த பாதையும்

2018 மார்ச் 11க்கு முன்னால் குரங்கணி என்ற பெயர் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கு மேலே ஒரு சின்ன மலைக்கிராமம். அங்கிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு பாதை ஏறுகிறது. வார இறுதிக்கு மலையேறப் போன இரண்டு குழுக்கள், ஒன்று சென்னையிலிருந்து, இன்னொன்று ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து, ஞாயிற்றுக்கிழமை இறங்கி வரும்போது காட்டுத்தீயில் சிக்கின. 23 பேர் இறந்தார்கள். வேலையில் சேர்ந்து சில வருடங்களே ஆனவர்கள், படித்துக்கொண்டிருந்தவர்கள், அப்போதுதான் கல்யாணம் ஆனவர்கள்...

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அனுமதி வாங்கினார்களா, வாங்கியது எந்தப் பாதைக்கு, கூட்டிப்போனவர்கள் யார் என்று வாரக்கணக்கில் வாக்குவாதம். ஒரு வனச்சரகர் சஸ்பெண்ட் ஆனார். விசாரணை அதிகாரி நியமிக்கப்பட்டார். மலையேற்றத்துக்குத் தடை வந்தது. எல்லாம் சரிதான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் சாதாரணமானது. மார்ச் மாதம், காய்ந்த புல், மலையில் ஆங்காங்கே தீ. அப்படியிருக்க அந்தப் பாதை அன்று காலை ஏன் திறந்திருந்தது?

தீ வந்தால் ஓடித் தப்பிக்கலாம் என்று சமவெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். மலைச்சரிவில் அது நடக்காது. சரிவில் எரியும் தீயின் நாக்கு மேலே இருக்கிற புல்லை நோக்கிச் சாய்ந்தே எரியும். அந்தப் புல் தீ வருவதற்கு முன்பே சூடாகி, காய்ந்து, பற்றிக்கொள்ளத் தயாராக இருக்கும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் இரட்டிப்பாகும் என்பது ஆஸ்திரேலிய தீயணைப்பாளர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. 20 டிகிரி என்றால் நாலு மடங்கு! மேலே ஓடுவது மனிதனுக்குத்தான் கஷ்டம், தீக்குச் சுலபம்.

பயிற்சி இருந்தால் தப்பிக்கலாமே என்று கேட்கலாம். 1949 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்ற புல்வெளிப் பள்ளத்தாக்கில் தீயணைக்கப் போன 13 பேர் இறந்தார்கள். அதில் 12 பேர் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்துத் தீயணைக்கும் வீரர்கள். அவர்களாலேயே சரிவில் தீயை முந்த முடியவில்லை. தோளில் பையும் காலில் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக வந்தவர்களிடம் எதை எதிர்பார்ப்பது? ஆக, பாதையில் இருப்பவரைக் காப்பாற்றச் சிறந்த நேரம் அவர் பாதையில் கால் வைப்பதற்கு முந்தைய நேரம்தான்.

இங்கேதான் கண்காணிப்பு வருகிறது. டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004லிருந்தே செயற்கைக்கோள் மூலம் காட்டுத்தீயைக் கண்டு மாநிலங்களுக்கு எச்சரிக்கை அனுப்பி வருகிறது. ஆரம்பத்தில் பயன்பட்ட மோடிஸ் கருவிக்கு ஒரு புள்ளி என்பது தரையில் 1 கிலோமீட்டர். பிறகு வந்த வியர்ஸ் கருவிக்கு 375 மீட்டர். பதிவு செய்துகொண்டால் யாருடைய செல்போனுக்கும் அந்த எச்சரிக்கை வரும்.

இவ்வளவு இருந்தும் ஏன் போதவில்லை? வியர்ஸ் பொருத்திய செயற்கைக்கோள் ஓர் இடத்தைக் கடப்பது ஏறக்குறைய மதியம் ஒன்றரை மணிக்கும் இரவு ஒன்றரை மணிக்கும். படம் கீழே வந்து, புள்ளியாகி, எஸ்.எம்.எஸ். ஆகி வனவரின் கையில் சேர இன்னும் நேரம் பிடிக்கும். மதியத்துக்கு மேல் காற்றோடு கிளம்புகிற புல் தீ அதற்குள் ஒரு மலையையே தாண்டிவிடும். சரிவில் நிற்பவரை செயற்கைக்கோள் காப்பாற்றாது. ஆனால் நேற்று மதியம் எந்த மலை எரிந்தது, நேற்று இரவும் எரிந்ததா என்று அது நன்றாகவே சொல்லும். அந்தத் தகவலுக்கு உரிய இடம் காலை ஆறு மணிக்குப் பாதை தொடங்கும் இடத்தில் நிற்கிற வனக்காப்பாளரின் கை. முந்தைய நாளின் இரண்டு புள்ளிகளைப் பார்த்து இன்று இந்தப் பாதை கிடையாது என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு வேண்டும். மேலதிகாரியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அவர் போனைத் தேட ஆரம்பித்தால் (மலையில் சிக்னல் வேறு கிடைக்காது) கதை முடிந்தது.

அமெரிக்காவில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது. அங்கே 1935லிருந்து பல வருடங்கள், கண்ட தீயை மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்க வேண்டும் என்பதே கொள்கை. 1972ல் ஐடஹோ, மொன்டானா எல்லையில் உள்ள செல்வே பிட்டர்ரூட் வனப்பகுதியில் அதை மாற்றிப் பார்த்தார்கள். மின்னலால் பிடித்த தீயை, ஊருக்கு ஆபத்தில்லை என்றால், அணைக்காமல் கண்காணித்தபடி எரியவிட்டார்கள். இன்றும் தொலைதூரக் காடுகளில் சில தீகளை வாரக்கணக்கில் அப்படி எரியவிடுகிறார்கள். அப்படி விட வேண்டுமானால் மனிதர்கள் அந்த வழியில் இருக்கக் கூடாது. அதனால் மூடல் உத்தரவு வருகிறது. எந்தப் பாதை, அதன் எண் என்ன, எங்கிருந்து எங்கே வரை, எந்தத் தேதி வரை என்று வரைபடத்தோடு இருக்கும். மீறினால் தனிநபருக்கு 5,000 டாலர் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஆபத்து விலகினால் தேதிக்கு முன்பே உத்தரவை எடுத்துவிடுவார்கள்.

அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. ஓரிகன் மாநிலத்தின் ஈகிள் க்ரீக் பாதையில் 2017 செப்டம்பர் 2 அன்று 15 வயதுப் பையன் ஒருவன் பட்டாசைப் பள்ளத்தாக்கில் வீச, சுமார் 150 பேர் நடுக்காட்டில் மாட்டிக்கொண்டார்கள். அதே காட்டில் இன்னொரு தீ ஜூலை 4லிருந்தே எரிந்துகொண்டிருந்தது! ஆனாலும் ஒருவர்கூட சாகவில்லை. இரவைக் காட்டிலேயே கழித்து, மறுநாள் வேறு வழியாக நடந்து வெளியே வந்தார்கள். பின்வாங்க இன்னொரு பாதை இருந்தது. குரங்கணியில் தீயைக் கண்டு ஆளுக்கொரு பக்கம் சிதறியவர்களில் பலர் பள்ளத்தில் போய்ச் சிக்கினார்கள்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் அரசே 40 பாதைகளைத் திறந்தது. 2025ல் தீக்காலம் என்று பிப்ரவரி 15லிருந்து ஏப்ரல் 15 வரை மலையேற்றத்தை நிறுத்தினார்கள். நல்ல முடிவு. ஆனால் மழை பொய்த்த வருடத்தில் புல் ஜனவரியிலேயே காய்ந்துவிடும். அது காலண்டரைப் பார்ப்பதில்லை. ஈரம் சொட்டுகிற சோலைப் பாதையையும் காய்ந்த புல் பாதையையும் ஒரே தேதியில் மூடுவது இன்னொரு பக்கத் தவறு. காரணம் புரியாத தடையை ஜனங்கள் மதிப்பதில்லை. திருட்டுத்தனமாகப் போவார்கள். அப்படிப் போனவர்கள் உள்ளே இருப்பதே யாருக்கும் தெரியாது, அது இன்னும் மோசம்.

'வயது வந்தவர்கள்தானே, ரிஸ்க் எடுத்தால் எடுக்கட்டும்' என்றும் ஒரு வாதம் உண்டு. ரிஸ்க் எடுப்பவருக்கு அதன் அளவு தெரிந்திருந்தால் அதைப் பற்றிப் பேசலாம். நேற்று எரிந்த மலை எது என்று தெரியாமல் ஏறுகிறவர் எதையும் தீர்மானிக்கவில்லை. அவர் மாட்டிக்கொண்டால் தேடிப் போகிறவர்களும் மனிதர்கள்தான். குரங்கணியில் ஹெலிகாப்டர்களுக்கு முன்னால் ஓடியவர்கள் அக்கம்பக்கத்து கிராம மக்கள். டோலி கட்டிச் சுமந்து இறக்கினார்கள்.

இன்னொரு சங்கதி, வணிகவியல் படிக்கிறவர்களுக்கு உடனே புரியும். 'சங்க் காஸ்ட்', அதாவது திரும்பி வராத செலவு. பஸ் டிக்கெட் எடுத்து, லீவு சொல்லி, ராத்திரி முழுக்கப் பயணம் செய்து அடிவாரத்துக்கு வந்தவரிடம் 'புகை தெரிகிறதே, திரும்பிப் போகிறீர்களா?' என்று கேட்டால் போக மாட்டார். போன செலவு வீணாகக் கூடாதென்று ஏறத்தான் செய்வார். கூட்டி வந்தவரின் நிலையும் அதேதான். ஆகவே திரும்பும் முடிவை அவர்களிடம் விடக் கூடாது. மூடப்பட்ட நாளுக்கு முழுப் பணமும் கேட்காமலே திரும்ப வர வேண்டும், முந்தைய இரவே செய்தி போக வேண்டும்.

பாதை மூடினால் வழிகாட்டிகளுக்குக் கூலி இல்லை என்பதும் இதில் சேர்ந்தது. அவர்கள் பெரும்பாலும் அந்த மலைக்காரர்கள். கூலி போகும் என்றால் புகையைப் பார்த்தும் 'ஒன்றுமில்லை, போகலாம்' என்று சொல்லத் தோன்றும், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒவ்வொரு டிக்கெட்டிலும் கொஞ்சம் எடுத்து வைத்து, மூடிய நாளுக்கும் பாதிக் கூலியாவது கொடுத்தால், அந்த நாட்களில் அவர்களையே தீத்தடுப்புக் கோடு வெட்டவும் உயரமான இடத்தில் நின்று புகை பார்க்கவும் அனுப்பலாம். செயற்கைக்கோள் கடந்து போன பிறகு, மதியம் மூன்று மணிக்குக் கிளம்புகிற தீயை அவர்கள்தான் முதலில் பார்ப்பார்கள்.