ஏறுபலகை: கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்



மாரிப் போகத்துக்கு நிலம் பண்படுத்தும் நாட்களில் ஓட்டமாவடி, வாழைச்சேனை வீதிகளில் ட்ரெக்டர் பெட்டியின் மேல் ஒரு லேண்ட்மாஸ்டர் ஏறி உட்கார்ந்து வாகனேரிப் பக்கம் வயலுக்குப் போவதைக் கண்டிருப்பீர்கள். அந்த இரண்டு சில்லு இயந்திரம் வீதியில் மெதுவாகவே ஓடும். வயலோ தூரம். ஆகவே பெட்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

அது பெட்டிக்குள் ஏறுவது எப்படி என்று பார்த்தீர்களா? அநேக வீடுகளில் மூலையில் கிடந்த இரண்டு பலகைகளைச் சாய்த்து வைத்து ஏற்றுகிறார்கள். இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் நடப்பவர் உங்கள் கணவராக இருக்கலாம், மகனாக இருக்கலாம். பலகை முறிந்தாலோ சறுக்கினாலோ அந்தப் பாரம் முழுவதும் அவர் மேல்தான் விழும். இது ஆண்களின் வேலை என்று நாம் ஒதுங்கி நிற்கலாகாது. வெல்டிங் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் இரும்பில் நல்ல ஏறுபலகை செய்துகொள்ளலாம். இல்லையேல் கடையில் சொல்லிச் செய்விக்கலாம். எப்படிச் செய்தாலும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று.

முதலாவது, நீளம் எவ்வளவு?

பெட்டியின் தளம் நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரத்தின் பாரம் 350 கிலோ. பலகை 5 அடியென்றால் உயரம் நீளத்தில் பாதி. ஆகவே பாரத்தில் பாதி, அதாவது 175 கிலோ, எந்நேரமும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும். பலகை 10 அடியென்றால் இழுவை கால்பங்காகி 90 கிலோவுக்கும் சற்றுக் குறையும். தளத்தின் உயரத்தைப் போல் நான்கு மடங்கு நீளம் வேண்டும் என்பது இத்தகைய இயந்திரங்களைச் செய்யும் ஜப்பானியர் சொல்லும் கணக்கு. இரண்டரை அடிக்கு 10 அடி. அதில் குறைக்க வேண்டாம்.

இரண்டாவது, இரும்பின் தடிப்பு எவ்வளவு?

நீளம் கூடினால் சாய்வு குறையும்; ஆனால் நடுவில் வளைக்கும் விசை கூடும். 5 அடிக்குத் தாங்கிய இரும்பு 10 அடிக்குத் தாங்காது. ஒவ்வொரு ஏறுபலகைக்கும் பக்கத்துக்கு ஒன்றாக, 2 அங்குலச் சதுரப் பொக்ஸ் பார் இரண்டு போடுங்கள். அதன் தகடு 3 மில்லிமீற்றர் தடிப்பாக இருக்கட்டும். சந்தையில் ஒன்றரை மில்லிமீற்றரிலும் கிடைக்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பெயின்ற் பூசிவிட்டால் யாராலும் பிரித்தறிய முடியாது. பலமோ ஏறக்குறையப் பாதிதான். வெட்டிய முனையைப் பார்த்து அளந்து வாங்கச் சொல்லுங்கள்.

குறுக்கே ஒன்றரை அங்குல அங்கிள் இரும்பை அரை அடிக்கு ஒன்றாக, அதன் முதுகு மேலே இருக்கும்படி ஒட்டினால் டயர் வழுக்காது. அகலம் டயரைவிடச் சற்றுக் கூடுதலாக, 10 அங்குலம் அளவில் இருக்கட்டும். இப்படிச் செய்த ஒன்று 35 கிலோவைத் தொடும். இருவர் சேர்ந்து தூக்குவதே நல்லது. நடுவில் மூன்றாவதாக ஒரு பலகையும் வேண்டும். சில்லுகளுக்கு இரண்டு பாதை செய்து, பின்னால் நடப்பவர் கால் வைக்க இடம் இல்லாவிட்டால் என்ன பயன்?

செய்து முடிந்ததும் வீட்டு முற்றத்திலேயே சோதித்துப் பாருங்கள். ஏறுபலகையின் இரு முனைகளையும் அரை அடி உயரக் கட்டைகளின் மேல் வைத்து, முனைக்கு முனை ஒரு நூலைக் கட்டுங்கள். நடுவில் 65 கிலோ நெல் மூட்டை நான்கை அடுக்குங்கள். முக்கால் அங்குலம் அளவில் வளையலாம். மூட்டைகளை இறக்கியதும் இரும்பு பழையபடி நூலோடு நேராக நிற்க வேண்டும். வளைவு மீந்திருந்தால் அதில் இயந்திரம் ஏற விடாதீர்கள்.

மூன்றாவது, எதனோடு கட்டினீர்கள்?

இதுதான் பெரும்பாலும் மறந்துபோவது. சில்லு மேலே ஏறும்போது தன் காலடியில் உள்ளதைப் பின்னோக்கி உதைக்கும். கட்டாத ஏறுபலகை அப்போதே பெட்டியின் விளிம்பிலிருந்து கழன்று விழும். ஆகவே மேல் முனையில் விளிம்பைக் கவ்வும் கொளுக்கி வேண்டும். அதற்கு மேலும் ஒரு சங்கிலியால் பெட்டியோடு பிணைக்க வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்க வேண்டும் என்பது நாம் அறிந்ததுதானே.

ஓர் அச்சில் ஓடும் பெட்டியானால் இன்னொரு கவனமும் தேவை. பாரம் பின் விளிம்பில் ஏறியதும் பெட்டியின் முன்புறம் துள்ளி எழும். பெட்டி ட்ரெக்டரோடு பூட்டியபடியே இருக்கட்டும். பின்புறத்துக்குக் கீழே மரக்குற்றி முட்டுக் கொடுத்து, சில்லுகளுக்குக் கட்டை வைக்கட்டும்.

ஏற்றும்போது முன்னோக்கி, இறக்கும்போது பின்னோக்கி, இரண்டும் ஆகக் குறைந்த கியரில். சாய்வின் நடுவே கியர் மாற்றலாகாது. கைப்பிடியில் உள்ள திருப்பும் கிளச்சையும் அமர்த்தலாகாது. இறக்கத்தில் அமர்த்தினால் நினைத்த பக்கத்துக்கு மாறாக இயந்திரம் திரும்பிவிடும். சிறுவர்கள் பின்னால் நின்று தள்ளுவதை ஒருபோதும் அனுமதியாதீர்கள். அதைத் தடுக்க உங்கள் குரல் ஒன்றே போதும்.

நமது பக்கம் வாவியின் உப்புக்காற்று அடிக்கும் பக்கம். பொக்ஸ் பாரின் முனைகளைத் தகட்டால் அடைக்காவிட்டால் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும், வெளியே தெரியாது. ஒவ்வொரு போகத்துக்கும் முன் ஒட்டிய இடங்களைத் துடைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்புக் கண்டாலும் முதலில் வெல்டிங் கடைக்கு, பிறகுதான் வயலுக்கு.