காந்தளைத் தோண்ட வேண்டாம்

மாநில மலராகிய செங்காந்தள் நம் கல்லூரித் தோட்டத்தில் ஒரு கொடிகூட இல்லையே என்று வகுப்பில் ஒருநாள் பேச்சு எழுந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "உங்கள் ஊர்ச் சரிவில் கிடைக்குமே, நாலு கிழங்கு தோண்டிக்கொண்டு வா" என்றான் நண்பன். மறுத்துவிட்டேன். காரணத்தை அன்று சரியாகச் சொல்ல வரவில்லை.

எங்கள் ஊர் கீழ்க் கோத்தகிரி. தேயிலைக்குக் கீழே, சமவெளி நோக்கி இறங்கும் புதர்க்காட்டில் மழைக்குப் பின் காந்தள் பூக்கும். பார்த்தாலே கண்வலி வரும் என்று, இலை பறித்துவிட்டுத் திரும்பும் அம்மா என்னை இழுத்துக்கொண்டு நடப்பாள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் முதற்பூ அதுதான் என்பது கல்லூரிக்கு வந்தபின் தெரிந்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பெருமையோடு அம்மாவிடம் சொன்னேன். "அது கெடக்கட்டும், நீ தொடாதே" என்றாள். அவள் அச்சம் வீண் அல்ல. கிழங்கைத் தின்றால் உயிர் போகும். அந்த நஞ்சில் உள்ள கால்ச்சிசினே கவுட் என்னும் மூட்டு நோய்க்கு மருந்து. குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்வதும் அதுவே என்பதைத் தாவரவியல் மாணவர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த விதைக்காகவே மூலனூர், தாராபுரம் பக்கத்து வறண்ட நிலங்களில் காந்தளைப் பயிரிடுகிறார்கள். சூலகத்தண்டு பக்கவாட்டில் மடங்கி மகரந்தத்தை விட்டு விலகி நிற்பதால், பூப்பூவாகக் கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள். எத்தனை பொறுமை! கோடையில் கொடி காய்ந்து மறைந்துவிடும். மண்ணுக்குள் கிழங்கு உறங்கும். மழை கண்டால் எழும். நாம் குடம் குடமாக நீர் ஊற்றும் டேலியாவுக்கு இந்தத் துணிவு உண்டா?

கிழங்கு நட்டால் அந்தப் பருவமே பூக்கும் என்பது உண்மை. ஆனால் கலப்பை வடிவக் கிழங்கின் இரு முனைகளில்தான் முளைக்கண் உண்டு. பள்ளி நாளில் ஆசைப்பட்டு ஒன்றைத் தோண்டினேன். இரு முனையும் ஒடிந்தன, கிழங்கு அழுகிற்று. மறு ஆண்டு அந்த இடத்தில் கொடி இல்லை. இன்றும் அந்த வழியே போனால் கண் அங்கேதான் போகிறது.

ஆகவே விதை போடுவோம் என்கிறேன். போன தையில் வெடித்த காய்களிலிருந்து எடுத்த விதைகளை ஆடியில் விதைத்தேன். முளைக்க ஐப்பசி ஆயிற்று, இருபத்திரண்டில் ஏழு. பூக்க இன்னும் மூன்று நான்கு ஆண்டு ஆகும். அதற்குள் நான் படிப்பை முடித்துப் போயிருப்பேன். "நீ பார்க்காத பூவுக்கா இந்தப் பாடு?" என்று கேட்கிறான் அதே நண்பன். ஆமாம், அதற்குத்தான்.

தொட்டிகள் ஆய்வுக்கூடத்தின் பின்சுவர் ஓரம் இருக்கின்றன. முதலாண்டுத் தம்பி தங்கையரே, மெல்லிய இலையோடு நிற்கும் அவற்றைப் புல் என்று எண்ணிப் பிடுங்கிவிடாதீர்கள். கோடையில் காய்ந்துபோனாலும் தொட்டியைக் கவிழ்த்துவிட வேண்டாம்.